‘ட்’ எங்கே போச்சு? ஹெட்செட் மாட்டுபவர்களுக்கு ஒரு காதுப் பயிற்சி

சென்னை அசோக் பில்லரைச் சுற்றி ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டுகளுக்குக் குறைவில்லை. இலக்கணம், குரூப் டிஸ்கஷன், இன்டர்வியூ எல்லாம் சொல்லித் தருகிறார்கள். ஆனால் கிண்டியிலோ ஈக்காட்டுத்தாங்கலிலோ கால் சென்டர் வாய்ஸ் பிராசஸில் சேர்ந்தவர் முதல் வாரம் தடுமாறுவது பெரும்பாலும் கேட்பதில்தான். கஸ்டமர் ‘பட்டன்’ என்கிறார். நம் காதில் ‘ப-ன்’ என்று விழுகிறது. நடுவில் இருந்த ‘ட்’டை அவர் நாக்கால் சொல்லாமல் தொண்டையால் சொல்லிவிட்டார்.

அது என்ன ஒலி?

இருமுவதற்குச் சற்று முன் தொண்டை இறுக மூடிக்கொள்கிறதே, அந்த மூடல்தான் அது. குரல்நாண்கள் இரண்டும் ஒட்டி, மூச்சைக் கண நேரம் நிறுத்தித் திறக்கும். ஒலியியலில் இதற்கு ‘கிளாட்டல் ஸ்டாப்’ என்று பெயர்; தமிழில் குரல்வளை அடைப்பொலி. ஏதாவது கைதவறி விழுந்தால் வெள்ளைக்காரர்கள் ‘அ-ஓ’ என்பார்கள். நடுவில் வரும் அந்த வெட்டு இதுவே.

சொல்லின் கடைசியில் வரும் ப், ட், க் மூன்றையும் இது விடுவதில்லை. வாய் மூடும்போது தொண்டையும் சேர்ந்து மூடும். திறக்கும் சத்தம் பல நேரம் வராது. அதனால் ‘ஸ்டாப்’, ‘பேக்’ போன்ற சொற்கள் பாதியில் அறுந்த மாதிரிக் கேட்கும்.

உங்கள் ஷிஃப்டில் எது வரும்?

யூ.எஸ். ஷிஃப்ட்: ‘ட்டன்’ என்று முடியும் சொற்களைக் கவனியுங்கள். பட்டன், காட்டன், ரிட்டன், மன்ஹாட்டன். ‘இம்பார்ட்டன்ட்’ என்பதிலும் அதே வெட்டு. ‘வாட்டர்’, ‘பெட்டர்’ போன்றவற்றில் அமெரிக்கர் தொண்டையை மூடுவதில்லை. நாக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்துவிடும், நமக்கு ‘வாரர்’ என்று கேட்கும்.

யூ.கே. ஷிஃப்ட்: ‘நெட்வொர்க்’, ‘ஃபுட்பால்’, ‘டிபார்ட்மென்ட்’ என்று மெய்யெழுத்துக்கு முன்னால் ட் வந்தால் வெட்டு வருவது பிரிட்டனில் பரவலான வழக்கம். லண்டன், கிளாஸ்கோ ஆட்கள் ஒருபடி மேலே போய் ‘வாட்டர்’, ‘பெட்டர்’ நடுவிலும் வெட்டுவார்கள். ஒரு காலத்தில் இதைப் படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்கினார்கள். லண்டனைச் சுற்றிய நடுத்தர வர்க்கப் பேச்சுக்கு 1984-இல் மொழியியலாளர் டேவிட் ரோஸ்வார்ன் ‘எஸ்சுவரி இங்கிலீஷ்’ என்று பெயர் வைத்தார்; அதிலும் இந்த வெட்டு உண்டு. ஆகவே வங்கி மேனேஜரும் இப்படிப் பேசலாம், பிளம்பரும் பேசலாம். பிரிட்டன் மருத்துவமனைகளுக்குப் போகும் நம் ஊர் நர்ஸுகளும் இதைக் கேட்டுப் பழக வேண்டும்: தண்ணீர் கேட்கும் நோயாளி ‘ட்’டோடு கேட்பார் என்று சொல்ல முடியாது.

வேலைக்கே உலை வைக்கும் இரண்டு இடங்கள்

ஒன்று, ‘கேன்’, ‘கேன்ட்’. அமெரிக்கர் ‘முடியும்’ என்றால் ‘ஐ கன் ஸெண்ட்’ என்று ‘கேன்’னை நசுக்கி, ‘ஸெண்ட்’டை அழுத்துவார். ‘முடியாது’ என்றால் ‘கேன்’ முழுசாக, அழுத்தமாக வந்து சட்டென்று நிற்கும். கடைசி ‘ட்’டுக்காகக் காத்திருந்தால் ஏமாறுவீர்கள், அழுத்தத்தைக் கேளுங்கள். பிரிட்டிஷ்காரரிடம் இந்தச் சிக்கல் குறைவு. தெற்கு இங்கிலாந்தில் அது ‘கான்ட்’ என்று நீண்டுவிடும்.

இரண்டு, ‘ம்ஹும்’. நம் வீட்டில் அது ‘வேண்டாம்’. அமெரிக்கர் ‘ம்-ஹும்’ என்று குரலை உயர்த்தினால் ‘சரி’. அவர் மறுக்கும்போது நடுவில் ‘ஹ’ இராது, தொண்டை வெட்டு இருக்கும்: ‘அ-அ’. சந்தேகம் வந்தால் ‘ஸோ தட்ஸ் எ யெஸ்?’ என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பேசும்போது என்ன செய்வது?

இந்த வெட்டை நீங்கள் போலி செய்ய வேண்டாம். ஐ.இ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்வில் உச்சரிப்புக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண்; அங்கேயும் பார்ப்பது பேச்சு தெளிவாகப் புரிகிறதா என்பதைத்தான்.

நாம் திருத்திக்கொள்ள வேண்டியது வேறு. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. அதனால் ‘ரிப்போர்ட்டு’, ‘சென்ட்டு’, ‘பேக்கு’ என்று நம்மை அறியாமல் ஓர் உகரம் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலேயர் சொல்லை வெட்டுகிற இடத்தில் நாம் நீட்டுகிறோம். இதற்கு மருந்து தமிழிலேயே இருக்கிறது. ‘பக்கம்’ என்று சொல்லத் தொடங்கி ‘பக்’கில் நிறுத்துங்கள். ‘கட்டு’ என்பதைக் ‘கட்’டில் நிறுத்துங்கள். நாக்கு ஒட்டியபடியே இருக்கட்டும், திறக்காதீர்கள். அதே நிறுத்தம்தான் ‘பேக்’, ‘ரிப்போர்ட்’ கடைசியிலும் வேண்டும். ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘கேன்ட்’டை நம்பாமல் ‘கேன்னாட்’ என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

எப்படிப் பழகுவது?

‘யூகிளிஷ்’ தளத்தில் ஒரு சொல்லைத் தட்டினால் பலர் அதைப் பேசும் யூடியூப் துண்டுகள் வரும். அமெரிக்கா, பிரிட்டன் என்று பிரித்தும் கேட்கலாம். பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ‘டிம்ஸ் புரொநன்சியேஷன் வொர்க்‌ஷாப்’ காணொளிகள் இலவசம். அசோக் நகரில் மெட்ரோ ஏறி ஆலந்தூரில் மாறிக் கிண்டி போகிற நேரம் ஒரு நாள் பாடத்துக்குத் தாராளம். முதலில் ஓடவிட்டுக் கேளுங்கள்; கேட்டதை எழுதுங்கள்; பிறகு சப்டைட்டிலோடு ஒப்பிடுங்கள். தவறவிட்ட சொற்களைத் தனியே குறித்துவைத்தால் உங்கள் காது எங்கே ஏமாறுகிறது என்பது சில நாளில் தெரிந்துவிடும்.

இந்திய ஊழியர்களின் உச்சரிப்பைப் பேசும்போதே மாற்றித் தரும் ‘சானாஸ்’ மென்பொருளை டெலிபெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் பயன்படுத்துவது 2025-இல் செய்தியானது. நம் வாயை மெஷின் பார்த்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. கஸ்டமர் ‘முடியும்’ என்றாரா ‘முடியாது’ என்றாரா என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பு இன்னும் உங்களுடையதுதான். எனவே ஆக்ஸென்ட் கிளாஸுக்குப் பணம் கட்டும் முன், காதுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.