'சி தெரியும்' என்றால் போதாது: கம்பைலரைச் சோதிக்கத் தெரியுமா?

திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்ப் படிப்பவரின் ரெஸ்யூமில் 'சி தெரியும்' என்ற வரி இருக்கிறது. சென்னையின் பெரிய கல்லூரி மாணவரின் ரெஸ்யூமிலும் அதே வரிதான். அப்படியிருக்க, எம்பெடட் வேலைக்கு ஆள் எடுப்பவர் உங்களை ஏன் கூப்பிட வேண்டும்? கம்பைலர் முழு எண் கணக்குகளைச் சரியாகப் போடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் தொகுப்பு ஒன்றை நீங்களே எழுதி வைத்திருந்தால், இன்டர்வியூவில் பேச்சு உங்கள் பக்கம் திரும்பும். ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களும் இலவசம். பழைய லேப்டாப் போதும்.

1. முதலில் விதியைப் படியுங்கள். சி99 முதல் -7 / 2 என்றால் -3. -7 % 2 என்றால் -1. பைத்தானில் இதே கணக்குக்கு -4, 1. சரியான விடை எது என்று தெரியாமல் எழுதும் டெஸ்ட் வெறும் சத்தம்.

2. எல்லையில் சோதியுங்கள். 2 + 3-ல் எந்தக் கம்பைலரும் தடுமாறாது. 32 பிட் இன்ட்டின் உச்சம் 2147483647, அடிமட்டம் -2147483648. இந்த அடிமட்ட எண்ணை -2147483647 - 1 என்றுதான் எழுத வேண்டும். 2147483648 இன்ட்டில் அடங்காததால், நேராக எழுதினால் டைப்பே மாறிவிடும். இதைக் காரணத்தோடு சொல்பவரை இன்டர்வியூ எடுப்பவர் மறக்க மாட்டார்.

3. வரையறை இல்லாததை ஒதுக்குங்கள். 32 பிட் அன்சைன்டில் 4294967295 + 1 என்றால் 0, அது விதி. சைன்ட் ஓவர்ஃப்ளோவுக்கும் 0-ஆல் வகுப்பதற்கும் ஸ்டாண்டர்ட் எந்த விடையும் சொல்லவில்லை. 0-ஆல் வகுக்கச் சொன்னால் இன்டெல் செயலி புரோகிராமையே நிறுத்தும். சென்னை ஐஐடியின் 'சக்தி', ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலி. அந்த வகை நிற்காது, ஈவாக -1 தரும். இரண்டுமே கம்பைலர் பக் அல்ல.

4. இரண்டு வழியிலும் ஓட்டுங்கள். எண்களை நேரடியாகக் கொடுத்தால் கம்பைலர் கம்பைல் செய்யும்போதே கணக்கை முடித்துவிடும். செயலிக்கு எழுதிய கோட் சோதனைக்கே வராது. அதனால் வோலடைல் மாறியிலும் கொடுத்துப் பாருங்கள். ஓ0, ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலைகள் இரண்டிலும் ஓட்டி விடைகளை ஒப்பிடுங்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் 'சிஸ்மித்' குழுவும் ஒப்பீட்டைத்தான் நம்பியது. தானாக உருவாக்கிய புரோகிராம்களைப் பல கம்பைலர்களில் ஓட்டி, 325-க்கும் மேற்பட்ட புதிய பக்குகளைப் பிடித்ததாக 2011-ல் அறிவித்தது.

5. அவசரப்பட்டுப் புகார் எழுதாதீர்கள். விடை மாறினால் முதலில் உங்கள் கோடைச் சந்தேகப்படுங்கள். வரையறை இல்லாததைக் காட்டிக்கொடுக்கும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் சானிடைசரில் ஓட்டுங்கள். அதிலும் தேறினால் புரோகிராமைச் சில வரிகளாகச் சுருக்கி, வெர்ஷன், ஆப்ஷன், எதிர்பார்த்த விடை, வந்த விடை நான்கையும் எழுதி, பக் ஜிசிசியில் என்றால் அதன் புகார்ப் பட்டியலான ஜிசிசி பக்ஸில்லாவில் போடுங்கள். அது ஏற்கப்பட்டால் உலகமே பார்க்கும் இடத்தில் உங்கள் பெயர் நிற்கும். எந்தச் சான்றிதழ் கோர்ஸும் அதைத் தராது.

கல்லூரியின் பெயரை இனி மாற்ற முடியாது. ரெஸ்யூமில் அடுத்து வரும் வரியை மாற்றலாம். முதல் டெஸ்ட்டை இன்றே எழுதுங்கள்.