அணங்கு, தெய்வம், இறை: பல்தெய்வ நம்பிக்கைச் சொற்களின் பொருள்நிலை – திருமலைக் கல்வெட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பழந்தமிழர் நம்பிக்கையைப் ‘பல தெய்வக் கொள்கை’ என்னும் இக்காலத் தொடரால் சுட்டுவது வழக்கம். அத்தொடர் தெய்வங்களின் எண்ணிக்கையை முதன்மைப்படுத்துகிறது. பழஞ்சொற்களோ மனிதருக்கும் தெய்வ ஆற்றலுக்கும் இடையிலான உறவின் வகையைச் சுட்டுகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அணங்கு, தெய்வம், இறை, இயக்கி, திருமலை.

தெய்வம்

தொல்காப்பியம் கருப்பொருள்களுள் தெய்வத்தை முதலில் வைக்கிறது. மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகியோரை முறையே முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் நிலங்களுக்கு உரியோராகக் கூறுகிறது. பாலைக்குத் தெய்வம் கூறவில்லை. உணவு, மரம், பறை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும் தெய்வம், நிலத்திற்கு உரிய பொருளாகிறது. திருக்குறளில் (619) இச்சொல் முயற்சிக்கு எதிர்நிலையாக, ஊழின் சாயலோடு வருகிறது.

அணங்கு

‘அணங்கு’ வினையாகுங்கால் வருத்துதலையும், பெயராகுங்கால் வருத்தத்தையும் வருத்தும் தெய்வத்தையும் குறிக்கும். ஜார்ஜ் ஹார்ட் இதனைப் பெண்ணோடு பிணைந்த புனித ஆற்றலாக விளக்கினார். வி.எஸ். ராஜம் 1986இல் வெளியிட்ட கட்டுரையில் அவ்விளக்கம் சொல்லின் பொருட்பரப்பைக் குறுக்குகிறது என மறுத்தார். வினைப்பொருளை முதலாகக் கொண்டால் ராஜம் கருத்தே வலுப்பெறுகிறது. உருவத்தைவிட விளைவே இச்சொல்லின் அடிப்படை.

இறை

‘இறை’ அரசனையும் அவன் கொள்ளும் வரியையும் ஒருங்கே குறிக்கும். திருக்குறள் 733இல் ‘இறைவன்’ அரசன், ‘இறை’ வரி. 5, 10ஆம் குறள்களில் ‘இறைவன்’ கடவுள். ‘கடவுள்’ என்னும் சொல் குறட்பாக்களில் இடம்பெறவில்லை. அதிகாரத் தலைப்பில் மட்டுமே உள்ளது. ஆகவே ‘இறை’ தலைமை உறவைச் சுட்டுவது.

திருமலைச் சான்று

களம்பூர் வட்டாரத்தில், ஆரணி – போளூர்ப் பகுதியில் அமைந்த திருமலை, குந்தவை சினாலயத்தால் அறியப்பெற்ற சமணத் தலம். முன்னோனாகிய எழினி செய்வித்த இயக்கர், இயக்கியர் படிமங்களின் சிதைவை விடுகாதழகிய பெருமாள் திருத்தி வைத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அக்கல்வெட்டே அம்மலையை எண்குண இறைக்கு உரியதாகச் சுட்டுகிறது.

ஒரே மலையில் இருவகைத் தெய்விகம் இருப்பினும் சொற்கள் மயங்கவில்லை. ‘இறை’ என்பது அருகனுக்கு; காவல் நிலையினர் ‘இயக்கர், இயக்கியர்’. படைப்புக் கடவுளை ஏற்காத சமணத்தில் பல தெய்வ வழிபாடு உண்டா எனும் வினாவுக்கு ஆம், இல்லை என விடைகூற இயலாமைக்குக் காரணம் இதுவே. எண்ணிக்கையை வினவும் அக்கேள்வி, உறவுநிலையைப் பேசும் சொற்களுக்குப் பொருந்தாது.

முடிவுரை

தெய்வம் நிலத்தோடும், அணங்கு வருத்தத்தோடும், இறை தலைமையோடும், இயக்கி காவலோடும் பொருந்துகின்றன. இவற்றை ‘கடவுள்’ என ஒரே சொல்லால் உரைப்படுத்தும்போது பாடலின் சமயச் சூழல் மறைகிறது. அகராதிகளும் உரைப்பதிப்புகளும் இவ்வேறுபாட்டைக் காட்டுதல் வேண்டும்.