திரையும் புள்ளியும்

தமிழ் கற்பார்க்குப் புள்ளியின் அருமையை எடுத்துரைத்தல் மிகையாம். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் கொள்கை. எகர ஒகரக் குறில்களுக்கும் அவர் அதனையே விதித்தனர். ஆயினும், புள்ளியிட்டால் ஓலை பொத்துப்போம் என்றஞ்சி ஏடெழுதினோர் பெரும்பாலும் அதனை விடுத்தனர். அதனாற் குறில் யாது, நெடில் யாது எனத் துணிதல் படிப்போர் கடனாயிற்று. இத்தாலி நாட்டினின்றும் போந்த வீரமாமுனிவர் (1680-1747) நெடிலுக்கு வேறு வடிவங்கண்டு அவ்விடர் தீர்த்தனர். அவர் அமைத்த இரட்டைக் கொம்பின் மேற்சுழியே 'கொடு' என்பதனையும் 'கோடு' என்பதனையும் இன்று பிரித்துக் காட்டுகின்றது.

அச்சிறு சுழியை யாம் ஒருகால் கணினித் திரையிலே இழந்தோம். அது நேர்ந்த வகையும் அதற்குரிய பரிகாரமும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையை அடுத்த வேலப்பன்சாவடியில் எம் நண்பர் ஒருவர் இல்லம் உளது. அங்கே அவருடைய மடிக்கணினியைப் பெரிய மானிட்டர் ஒன்றோடு இணைத்து, பழைய அச்சுநூலொன்றன் நிழற்படப் பக்கங்களைப் படித்து வந்தோம். மலையுச்சியைக் குறிக்கும் 'கோடு' என்னுஞ் சொல் எமக்குக் 'கொடு' எனத் தோன்றிற்று. வளைந்த என்னும் பொருளை அவ்விடத்து வலிந்து பொருத்தி, புதிய பாடமொன்று கண்டோமெனக் களித்துக் கட்டுரையும் வரைந்தோம். எம் ஆசிரியர் அதனைக் கண்ணுற்று, யாதும் பேசாது, நூல்நிலையத்து அச்சுப்படியை எடுத்து விரித்தார். சுழி ஐயத்துக்கிடமின்றி நின்றது. "பாடம் வேறுபடவில்லை, தம்பி, திரைதான் வேறுபட்டது" என்றார். யாம் நாணித் தலைகுனிந்தோம்.

மீண்டு சென்று ஆராய்ந்தபொழுது உண்மை விளங்கிற்று. நண்பருடைய தந்தையார் கண்ணொளி சற்றே குன்றியவர். எழுத்துப் பெரிதாதல் வேண்டி, மானிட்டரின் ரெசல்யூஷனைக் குறைத்து வைத்திருந்தனர். ரெசல்யூஷனாவது, திரையின் அகலத்திலும் உயரத்திலும் இத்துணை ஒளிப்புள்ளிகள் எனக் கொள்ளும் அளவு. அம்மானிட்டர் 1920 x 1080 புள்ளிகளால் ஆயது, மொத்தம் 20,73,600. அவர் வைத்த அளவோ 1366 x 768, மொத்தம் 10,49,088. எனவே கணினி அனுப்பும் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தில் ஏறக்குறைய 1.4 புள்ளியின் இடத்தை நிரப்புதல் வேண்டும். திரைப்புள்ளியைப் பிளத்தல் இயலாதாகலின், அதன் நிறம் அயற்புள்ளிகளிலுங் கலந்து மங்குகின்றது. எழுத்துப் பெருத்தது மெய்யே. ஆயின் சுழி கரைந்தது.

இதற்குப் பரிகாரம் எளிது. விண்டோஸ் கணினியில், திரையின் வெற்றிடத்தில் மௌஸின் வலப்பொத்தானை அழுத்தி 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' என்பதைத் திறக்க. ஆங்கு 1, 2 எனத் தோன்றும் திரைகளுள் மானிட்டருக்குரியதைத் தெரிந்துகொள்க. 'டிஸ்பிளே ரெசல்யூஷன்' என்பதன்கீழ் 'ரெகமெண்டட்' எனக் குறித்த அளவையே வைக்க. அஃது அத்திரைக்கு இயல்பாயுள்ள அளவாம். பின்னர் 'கீப் சேஞ்சஸ்' என்பதை அழுத்துக. திரை இருண்டுபோயினும் அஞ்சற்க. யாதும் அழுத்தாதிருப்பின் 15 விநாடியிற் பழைய அளவு தானே மீளும்.

எழுத்துப் பெரிதாதல் வேண்டுவோர் ரெசல்யூஷனைக் குறையாது, 'ஸ்கேல்' என்பதனை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துக. அப்பொழுது எல்லாப் புள்ளிகளுந் தொழில்புரிய, எழுத்து மட்டும் வளரும்.

இன்னுமொன்று. 'டூப்ளிகேட்' என்னும் முறையில் இரு திரைக்கும் ஒரே காட்சி செல்லுமாதலின், அளவு வேறுபட்ட திரைகளுள் ஒன்று மங்குதல் கூடும். விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' என்பதனைக் கொள்ளின், ஒவ்வொன்றும் தன் இயல்பளவில் நிற்கும்.

இவ்வாறு செய்தபின் நண்பர்தம் தந்தையார் பெரிய எழுத்தையும், யாம் இழந்த சுழியையும் ஒருங்கே பெற்றோம். எம் புதிய பாடத்தை யாமே அடித்துவிட்டோம். அன்று ஏடெழுதினோர் புள்ளியை விடுத்தமைக்கு ஓலை கிழியும் என்னும் காரணமேனும் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை. ஆதலின், மாணவ நண்பர்காள், புலவரையும் பதிப்பித்தோரையுங் குறைகூறப் புகுமுன், நம் முன்னுள்ள திரையை ஒருமுறை சோதிப்போமாக.