தேன்துளியும் சிரத்தையும்

வறுமையாலும் நோயாலும் வருந்துபவன் வாழ்க்கையை நொந்துகொண்டால் உலகம் அதற்குக் காரணம் கேட்பதில்லை. எல்லாம் நிறைந்த ஒருவன், "இவையெல்லாம் எதற்காக?" என்று கேட்கும்போதுதான் அது வியப்படைகிறது. ஆனால் ஆன்மிக வரலாற்றை நோக்கினால், இக்கேள்வி பெரும்பாலும் நிறைவின் நடுவிலேயே எழுந்திருப்பது புலனாகும். சித்தார்த்தரிடம் அது அரண்மனையில் எழுந்தது. யாக்ஞவல்கியர் தம் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுக்க முன்வந்தபோது மைத்ரேயியிடம் அது எழுந்தது. செல்வம் நிறைந்த பூமி முழுவதும் கிடைத்தாலும் அதனால் மரணமிலா நிலையை அடைய முடியுமா என்று அவள் கணவரைக் கேட்டதாகப் பிருஹதாரண்யக உபநிஷதம் கூறுகிறது.

வாழ்வின் பொருளைத் தேடுவோர் அனைவரும் இந்த வாயிலைக் கடந்தே ஆக வேண்டும். கடப்பதற்கு அறிவு எவ்வளவு தூரம் துணை வரும்? சிரத்தை எங்கே தேவைப்படுகிறது? பாரதத்தின் பழங்கதை ஒன்றும், அக்கதையில் தன் முகத்தைக் கண்ட ரஷ்ய எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கையும் இதை நன்கு விளக்குகின்றன.

விதுரர் சொன்ன கதை

குருக்ஷேத்திரப் போர் முடிந்தது. நூறு புதல்வர்களையும் இழந்த திருதராஷ்டிரன் துயரக்கடலில் மூழ்கியிருந்தான். அவனைத் தேற்ற வந்த விதுரர் ஒரு கதை சொன்னார். மகாபாரதத்தின் ஸ்திரீ பர்வத்தில் இது இடம்பெற்றுள்ளது.

ஓர் அந்தணன் கொடிய விலங்குகள் நிறைந்த காட்டில் வழிதவறினான். அஞ்சி ஓடிய அவன், கொடிகளால் மூடப்பட்டிருந்த பாழுங்கிணறு ஒன்றில் விழுந்தான். கொடிகளில் கால் சிக்கி, பலாப்பழம் போலத் தலைகீழாகத் தொங்கினான். கிணற்றின் அடியில் ஒரு பெரும் பாம்பு. மேலே, ஆறு முகங்களும் பன்னிரண்டு கால்களும் கொண்ட ஒரு யானை. அவனைத் தாங்கிய மரத்தைக் கறுப்பும் வெள்ளையுமான எலிகள் இடையறாது கொறித்துக்கொண்டிருந்தன. அம்மரத்தில் இருந்த தேன்கூட்டிலிருந்து தேன் துளித்துளியாகச் சொட்டியது. அந்நிலையிலும் அவன் அத்தேனைப் பருகினான். பருகப் பருக வேட்கை வளர்ந்ததே தவிர அடங்கவில்லை.

கதையின் உட்பொருளையும் விதுரரே விளக்கினார். காடு என்பது சம்சாரம்; விலங்குகள் நோய்கள். கிணறு உடல், அடியில் கிடக்கும் பாம்பு காலம். கொடி, உயிர்வாழும் ஆசை. யானை ஓர் ஆண்டு. அதன் முகங்கள் ஆறு பருவங்கள், கால்கள் பன்னிரண்டு மாதங்கள். எலிகள் பகலும் இரவும். தேன்துளிகளோ புலனின்பங்கள்.

இக்கதை பாரதத்தின் பல சமயங்களுக்கும் பொதுச் சொத்தாயிற்று. சமண நூல்கள் இதனை விரும்பிக் கூறின. தமிழில் தோலாமொழித்தேவர் இயற்றிய சூளாமணியிலும், யானை துரத்தக் குழியில் தொங்கியபடி தேனை நக்கும் மனிதனின் உவமை வருகிறது. புத்தர் பெருமானின் வரலாற்றைத் தழுவிய ஒரு கதை பாரசீகம், அரபு, ஜார்ஜிய மொழிகள் வழியாகக் கிரேக்கத்தை அடைந்து, 'பர்லாமும் யோசபாத்தும்' என்ற பெயரில் ஐரோப்பா முழுவதும் பரவியது. போதிசத்துவர் என்னும் சொல்லே யோசபாத் எனத் திரிந்தது. கிணற்றில் தொங்கும் மனிதனின் கதையும் அந்நூலில் இடம்பெற்று மேற்கே சென்றது.

எல்லாம் பெற்றவரின் கேள்வி

லியோ டால்ஸ்டாய் 1828-ஆம் ஆண்டு ரஷ்யாவில், யாஸ்னயா பொல்யானா என்னும் பண்ணையில், உயர்குடியில் பிறந்தார். இளமையில் சமய நம்பிக்கையை இழந்த அவர், மனித குலத்தின் முன்னேற்றம் என்ற கொள்கையையே நம்பிக்கையாகக் கொண்டார். 1857-இல் பாரிஸ் நகரில் ஒரு மனிதனின் தலை துண்டிக்கப்பட்டதைக் கண்டபோதும், 1860-இல் மூத்த சகோதரர் நிகோலாய் காசநோயால் இறந்தபோதும் அந்நம்பிக்கை ஆட்டம் கண்டது. ஆயினும் 1862-இல் திருமணம், குழந்தைகள், எழுத்து, புகழ் என வாழ்க்கை அவரை ஈர்த்துச் சென்றது. 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' ஆகிய இரு நாவல்களும் அவரை உலக எழுத்தாளர்களின் முதல் வரிசையில் அமர்த்தின.

ஐம்பது வயதை அடையும் தறுவாயில் அவர் உள்ளம் திடீரென நின்றுபோயிற்று. சமாரா பகுதியில் பரந்த நிலமும் 300 குதிரைகளும் இருக்கின்றன. சரி, அதற்குப் பிறகு? ஷேக்ஸ்பியரைவிடப் பெரும்புகழ் கிடைத்தாலும், அதற்குப் பிறகு? குழந்தைகளின் கல்வியைப் பற்றி எண்ணும்போதும் 'எதற்காக?' என்ற கேள்வியே குறுக்கிட்டது. உடல் வலிமை குன்றவில்லை. வயலில் உழவர்களுக்கு ஈடாகப் புல் அறுக்க முடிந்தது. ஆனால் உயிர்வாழ்வதற்குக் காரணம் கிடைக்கவில்லை. தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்துக்கு அஞ்சி, கயிற்றைக் கண்ணில் படாமல் மறைத்து வைத்தார். துப்பாக்கியுடன் வேட்டைக்குச் செல்வதையும் நிறுத்தினார்.

இவற்றையெல்லாம் அவரே 'ஒப்புதல் வாக்குமூலம்' என்னும் நூலில் எழுதினார். ரஷ்யாவில் தடை செய்யப்பட்ட அந்நூல் 1884-இல் ஜெனீவாவில் வெளியாயிற்று. தம் நிலையை விளக்க அவர் எடுத்துக்கொண்ட கதை, கீழை நாடுகளிலிருந்து வந்த அந்தக் கிணற்றுக் கதையே. தம்மை இதுவரை மயக்கியவை இரண்டு தேன்துளிகள் என்று அவர் கண்டார்: ஒன்று குடும்பப் பாசம், மற்றொன்று எழுத்துக்கலை. பாம்பையும் எலிகளையும் கண்டுகொண்ட பிறகு அவ்விரண்டும் அவருக்கு இனிக்கவில்லை.

அறிவு நின்ற இடம்

டால்ஸ்டாய் முதலில் விடை தேடியது அறிவுத் துறைகளில். இயற்கை அறிவியல் உடலின் இயக்கத்தையும் பொருள்களின் சேர்க்கையையும் விளக்கியது. 'எதற்காக' என்பதைத் தொடவில்லை. தத்துவம் கேள்வியை மேலும் கூர்மையாக்கியதே தவிர விடையளிக்கவில்லை. சாக்ரடீஸ், ஷோபன்ஹோவர், சாலமோன், புத்தர் ஆகியோரின் கருத்துக்களை அவர் துருவித் துருவி ஆராய்ந்தார். வாழ்வின் நிலையாமையே மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டது.

தம்மைச் சூழ்ந்திருந்த கற்றோரும் செல்வரும் இக்கேள்வியை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்றும் பார்த்தார். சிலர் கேள்வியை உணரவே இல்லை. சிலர் உணர்ந்தும் தேனை நக்குவதில் ஈடுபட்டனர். சிலர் உயிரைத் துறந்தனர். மற்றவர் எதுவும் செய்ய வலுவின்றி நாட்களைத் தள்ளினர். தாமும் இந்த நான்காம் வகையைச் சேர்ந்தவர் என்று அவர் கண்டார்.

தம் பிழை எங்கே உள்ளது என்பதும் மெல்லப் புலப்பட்டது. எல்லைக்குட்பட்ட பொருள்களை எல்லைக்குட்பட்ட பொருள்களைக் கொண்டே அளந்தால், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டியிருக்கும். அழியும் வாழ்வுக்கு அழியாத பொருள் வேண்டுமெனில், எல்லையுள்ளதை எல்லையற்றதோடு இணைக்கும் ஒன்று வேண்டும். அந்த இணைப்பை மனிதகுலம் காலங்காலமாக நம்பிக்கையிலேயே பெற்று வந்திருக்கிறது.

உழவரிடம் கண்டது

இங்கேயும் ஓர் இடையூறு நேர்ந்தது. தம் வகுப்பைச் சேர்ந்த சமயவாதிகளிடம் அவர் நம்பிக்கையைத் தேடினார். அவர்கள் கோட்பாடுகளைத் தெளிவாக விளக்கினர். ஆனால் வறுமைக்கும் நோய்க்கும் மரணத்துக்கும் ஏனையோரைப் போலவே அஞ்சினர். அந்த நம்பிக்கை வாழ்க்கைக்கு வெளியே நின்றது.

பிறகு அவர் பார்வை உழவர்கள், யாத்திரிகர்கள், எழுத்தறியா எளியோர் பக்கம் திரும்பியது. அவர்கள் சமயத்தில் மூடநம்பிக்கைகளும் கலந்திருந்ததை அவர் கண்டார். ஆயினும் அந்நம்பிக்கை அவர்களுடைய உழைப்போடு ஒன்றியிருந்தது. கடும் உழைப்பில் நாளைக் கழித்த அவர்கள் வாழ்க்கையைக் குறைகூறவில்லை. நோயும் துயரும் வந்தபோது கலங்காமல் ஏற்றனர். மரணத்தையும் பெரும்பாலும் அமைதியோடு எதிர்கொண்டனர்.

அப்போது டால்ஸ்டாய்க்கு ஓர் உண்மை தெளிவாயிற்று. பொருளற்றதாக இருந்தது வாழ்க்கை முழுவதும் அன்று. பிறர் உழைப்பில் தாம் நடத்திய வாழ்க்கையே பொருளற்றதாக இருந்தது. ஆகவே விடை பெறுவதற்குச் சிந்தனை மட்டும் போதாது; வாழும் முறையும் மாற வேண்டும். மனிதனை வாழச் செய்யும் ஆற்றலே நம்பிக்கை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

சிரத்தையின் இலக்கணம்

பாரத மரபு இதனையே சிரத்தை என்று கூறுகிறது. கேள்வி கேளாமல் ஒன்றை ஒப்புக்கொள்வது சிரத்தை என்று பலர் எண்ணுகின்றனர். கடோபநிஷதம் காட்டும் சிரத்தை வேறு. பால் வற்றிய பசுக்களைத் தந்தை தானம் செய்வதைக் கண்டபோது, சிறுவன் நசிகேதனுள் சிரத்தை புகுந்தது. புகுந்ததும் அவன் கேள்வி கேட்கத் தொடங்கினான். தந்தையைக் கேட்டான், பின்னர் யமனையே கேட்டான். யானைகள், பொன், நீண்ட ஆயுள், இன்ப நுகர்ச்சி ஆகியவற்றை யமன் அளிக்க முன்வந்தும், இவையெல்லாம் நாளை வரை நில்லாதவை என்று மறுத்தான். தேன்துளி தன் நாவின் நுனிக்கு வந்தபோதும் கேள்வியைக் கைவிடாத உறுதியே அவனுடைய சிரத்தை.

ஆக, சிரத்தை கேள்விக்குப் பகை ஆகாது. விடை உண்டு என்ற உறுதி இருப்பவனே கடைசிவரை கேட்பான். அந்த உறுதி இல்லாதவன் பாதியில் களைத்துத் தேனுக்குத் திரும்பிவிடுவான். கீதையின் 17-ஆம் அத்தியாயம் சிரத்தையைச் சாத்துவிகம், ராஜஸம், தாமஸம் என மூவகையாகப் பகுத்து, மனிதனின் இயல்பே அவனது சிரத்தையால் அமைகிறது என விளக்குகிறது. சிரத்தை இல்லாத மனிதன் இல்லை. அதை எதில் வைத்திருக்கிறான் என்பதே வேறுபாடு. ஆராய்ந்து பாராமல் பொருளிலும் புகழிலும் அதை வைத்திருப்பவனுக்கு, அவை ஆட்டம் காணும்போது வாழ்க்கையே ஆட்டம் காண்கிறது.

மூன்று குதிரைகள்

விதுரர் கதையோடு நிறுத்திவிடவில்லை. கிணற்றிலிருந்து மீளும் வழியையும் திருதராஷ்டிரனுக்கு உரைத்தார். புலனடக்கம், தியாகம், விழிப்புணர்வு ஆகிய மூன்றும் பிரம்மத்தை நோக்கிச் செல்லும் குதிரைகள். நல்லொழுக்கம் என்னும் கடிவாளத்தைப் பற்றி, மனம் என்னும் தேரில் நிலைத்து அமர்பவன் மரண பயத்தைக் கடக்கிறான்.

இந்த உபதேசம் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதற்குக் கல்லே சான்று. மத்தியப் பிரதேசத்தில் விதிஷாவுக்கு அருகிலுள்ள பெஸ்நகரில், தட்சசீலத்திலிருந்து தூதராக வந்த ஹீலியோடோரஸ் என்னும் கிரேக்கர் வாசுதேவருக்கு ஒரு கருடத் தூணை நிறுவினார். ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தூணின் கல்வெட்டிலும் இம்மூன்று பண்புகளே மேல்நிலைக்கு அழைத்துச் செல்லும் படிகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அயல்நாட்டில் பிறந்தவரும் தம் வாழ்வின் வழியாக ஏற்கத்தக்கதாய் அந்த உபதேசம் அமைந்திருந்தது.

வாழ்ந்து பெற்ற விடை

டால்ஸ்டாயின் பிற்கால வாழ்வும் இம்மூன்றையே நாடியது. அவர் எளிய உடை உடுத்தார், நிலத்தை உழுதார், காலணி தைக்கக் கற்றுக்கொண்டார், இறைச்சி உணவைத் துறந்தார். 1891-92 ஆண்டுகளில் ரஷ்யாவில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, குடும்பத்தினருடன் கிராமங்களுக்குச் சென்று 200-க்கும் மேற்பட்ட இலவச உணவுக்கூடங்களை அமைத்தார். 'எதற்காக வாழ வேண்டும்?' என்று கேட்டுத் துவண்டிருந்தவர், பசித்தவர்களுக்கு ரொட்டி கிடைக்கச் செய்வதில் நாட்களைச் செலவிட்டார்.

துன்பங்கள் அவரை விட்டு அகலவில்லை. திருச்சபையின் கோட்பாடுகளோடு முரண்பட்டதால் 1901-இல் அதிலிருந்து விலக்கப்பட்டார். கொள்கைக்கும் குடும்பத்துக்கும் இடையிலான பிணக்கு இறுதிவரை தீரவில்லை. 82-ஆம் வயதில் ஓர் இரவில் வீட்டைத் துறந்து புறப்பட்ட அவர், 1910-இல் அஸ்தாபவோ என்னும் சிறிய ரயில் நிலையத்தில் உயிர் நீத்தார். நம்பிக்கை துன்பத்தை நீக்கும் மாயவித்தை ஆகாது; துன்பத்தின் நடுவிலும் செய்யத்தக்கதைச் செய்யும் வலிமை அது.

அந்த வலிமை பாரதத்துக்கும் வந்து சேர்ந்தது. அவருடைய 'ஆண்டவன் ராஜ்யம் உன்னுள்ளே' என்னும் நூலைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தியடிகள், அது தம்மை ஆட்கொண்டதாகத் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். 1908-இல் டால்ஸ்டாய் இந்தியர் ஒருவருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் திருக்குறளின் இன்னா செய்யாமைக் கருத்துக்களை மேற்கோளாக எடுத்தாண்டார். 1910-இல் ஜோகன்னஸ்பர்க் நகருக்கு அருகில் காந்தியடிகள் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில், தமிழர், தெலுங்கர், குஜராத்தியர் எனப் பலரும் கூடி உழைத்து வாழ்ந்தனர். விதுரர் சொன்ன கதை மேற்கே சென்றது. அது ஓர் உள்ளத்தில் விளைத்த மாற்றத்தின் பயன் மீண்டும் கிழக்கை வந்தடைந்தது.

சாதகர் கொள்ள வேண்டியது

வாழ்வின் பொருளைத் தேடும் சாதகர் இவ்வரலாற்றிலிருந்து மூன்றைக் கொள்ளலாம். முதலாவது, தம் தேன்துளிகள் எவை என்று நேர்மையாக அறிதல். அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. அவையே வாழ்வின் ஆதாரம் என்ற மயக்கம் நீங்கினால் போதும். இரண்டாவது, நம்பிக்கையைச் சொல்லளவில் விளக்குவோரைவிட, அதை வாழ்ந்து காட்டுவோரின் அருகில் இருத்தல். சத்சங்கம் என்பதன் பொருள் இதுவே. மூன்றாவது, விடை முழுமையாகக் கிடைக்கும்வரை காத்திராமல், கையருகில் உள்ள ஒரு கடமையைப் பலன் கருதாமல், இறைவனுக்கு அர்ப்பணமாக நாள்தோறும் செய்தல்.

உயிரையே வெறுக்கும் அளவுக்கு மனச்சோர்வு மிகும்போது தனித்துப் போராடலாகாது. உற்றாரிடம் மனம்விட்டுப் பேசுவதும், மருத்துவரின் துணையை நாடுவதும் நம்பிக்கைக் குறைவாகா. அர்ச்சுனனும் தன் சோர்வைக் கண்ணனிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகே கீதை பிறந்தது.

எலிகள் இன்றும் கொறித்துக்கொண்டே இருக்கின்றன. இன்றைய பகலும் இரவும் அவற்றின் பற்களே. விழித்துக்கொண்டவனுக்கு அந்த ஒலி அச்சமூட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. எஞ்சியுள்ள ஒவ்வொரு நாளும் விலைமதிப்பற்றது என்பதை நினைவூட்டும் மணியோசையாக அது அமையட்டும்.