உப்புத் தண்ணீரும் பைக் கன்றுகளும்

கேள்வி: ஆம்பூர் அருகே சிறு நாற்றங்கால் நடத்துகிறோம். பையில் வளரும் கன்றுகளின் இலை ஓரம் கருகுகிறது. ஏன்?

பதில்: கிணற்று நீரின் உப்புதான் முதல் சந்தேகம். தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பு, தோல் தொழிற்சாலைக் கழிவோடு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் பல்லாண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு தீர்ப்போடு போய்விடுவதில்லை.

பையில் சிக்கல் இன்னும் கூடும். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். தினமும் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுவதே நல்லது. முளைவிடும் பருவத்துக்குச் சேமித்த மழைநீர் உகந்தது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்தால் வடிகால் சீராகும்.

புங்கனும் பூவரசும் உப்பை ஓரளவு தாங்கும்.

உப்பைத் தவிர இன்னொன்றையும் கவனியுங்கள்: கன்றை நெடுநாள் பையிலேயே விட்டால் வேர் வட்டமாகச் சுருண்டுவிடும். நட்ட பிறகும் அது நிமிராது, மரம் காற்றில் சாயும். நடும்போது பையைக் கிழித்து, சுருண்ட வேரை நறுக்கிவிட வேண்டும். அடுத்த விதைப்புக்கு முன் கிணற்று நீரை அரசு ஆய்வகத்தில் பரிசோதித்துவிடுங்கள்.