அளந்தறிதல்

நுழையும்முன்

நெடுநாள் உழைத்த எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும் பட்டறையில், கடைசல் எந்திரம் சுழலத் தொடங்குமுன் மூன்று பணிகள் நிகழ்கின்றன: கழுவுதல், ஆராய்தல், அளத்தல். ஒருமுறை கடைந்தெடுத்த இரும்பு மீண்டும் ஒட்டாது. எனவே இவற்றில் நேரும் பிழை, அவ்வெஞ்சினை நம்பிப் பிழைப்போரின் வாழ்வையே தாக்கும்.

கழுவுதல்

சிலிண்டர்களைத் தன்னுள் தாங்கி நிற்கும் வார்ப்பே எஞ்சின் பிளாக். அதில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் விரிசலை மறைக்கும், அளவைப் பொய்யாக்கும். எண்ணெய் செல்லும் துளைவழிகளின் அடைப்பான்களைக் கழற்றி, நீண்ட தூரிகையால் உட்புறத்தைத் தேய்த்தல் வேண்டும். வார்ப்பிரும்பைச் சூடான காரக் கரைசலில் அமிழ்த்தலாம். அலுமினியக் கலவையைக் காரம் அரிக்குமாதலின், அதற்கு அம்முறை ஆகாது.

ஆராய்தல்

மயிரிழை போன்ற விரிசல் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வார்ப்பிரும்பைக் காந்தப்படுத்தி நுண்ணிய இரும்புத்தூளைத் தூவினால், விரிசலுள்ள இடத்தில் தூள் கோடாகத் திரளும். அலுமினியம் காந்தத்திற்கு வசப்படாது. ஆகவே, அதன்மீது ஊடுருவும் சாயத்தைப் பூசித் துடைத்து, விரிசலிலிருந்து சாயம் மீண்டும் கசிவதைக் காண்பர். பின்னர் மேற்பரப்பில் நேர்விளிம்புச் சட்டத்தை நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் தகடுகளை நுழைத்துச் சமதளத்தைச் சோதிப்பர்.

அளத்தல்

சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தேய்வதில்லை. வெப்பமும் அழுத்தமும் மிகுந்து, எண்ணெய்ப்படலம் மெலியும் மேற்பகுதியில் தேய்மானம் மிகுதி. கனெக்டிங் ராடு சாய்ந்து இயங்குவதால் பிஸ்டன் பக்கச்சுவரில் அழுந்துகிறது; அதனால் கிராங்க் தண்டிற்குக் குறுக்கான திசையில் சுவர் கூடுதலாகத் தேய்கிறது. எனவே மேல், நடு, கீழ் என மூன்று நிலைகளில், தண்டிற்கு இணையாகவும் குறுக்காகவும், ஒவ்வொரு சிலிண்டரிலும் 6 அளவுகள் எடுக்கப்படுகின்றன.

75.00 மி.மீ. விட்டமுடைய சிலிண்டர் ஒன்றைக் கொள்வோம். மேற்பகுதியில் குறுக்களவு 75.12, இணையளவு 75.07; கீழ்ப்பகுதியில் குறுக்களவு 75.03. மேலுக்கும் கீழுக்கும் உள்ள வேறுபாடு 0.09 மி.மீ.; இது கூம்புத் தேய்மானம். மேற்பகுதியின் இருதிசை வேறுபாடு 0.05 மி.மீ.; இது வட்டப் பிறழ்வு. இவை தயாரிப்பாளர் குறித்த வரம்பை மீறினால் சிலிண்டரைக் கடைந்து, மிகையளவுப் பிஸ்டன் பொருத்துவர். வரம்புக்குள் இருப்பதைக் கடைந்தால் பொருள் வீணாவதோடு, பிளாக்கின் ஆயுளும் குறையும். மீறியதைக் கடையாது விட்டால் எஞ்சின் எண்ணெய் குடித்துப் புகை கக்கும்.

கடைந்து மெருகேற்றியபின் மீண்டும் கழுவுதல் இன்றியமையாதது. சோப்பு நீரில் தேய்த்து, வெள்ளைத்துணியால் துடைத்தால் கறை ஒட்டாத நிலை வரவேண்டும். எஞ்சிய உராய்வுத்துகள் புதிய ரிங்குகளை விரைவில் தின்றுவிடும். உலர்ந்தவுடன் எண்ணெய் பூசாவிடின் துருவேறும்.

தெரியுமா?

75 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்புச் சிலிண்டர், வெப்பநிலை 10 டிகிரி செல்சியசு உயர்ந்தால் ஏறத்தாழ 0.008 மி.மீ. விரியும். ஆதலால், வெயிலில் கிடந்த பிளாக்கை ஆறவிட்டே அளப்பர்.

கற்பவை கற்றபின்

1. மேற்கண்ட சிலிண்டரின் கீழ்ப்பகுதி இணையளவு 75.02 எனில், அங்குள்ள வட்டப் பிறழ்வைக் கணக்கிடுக.
2. உங்கள் ஊர்ப் பட்டறையில் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றிற்கு விளக்கம் எழுதுக.