கோடிங் தெரிந்தால் கேம் வந்துவிடுமா?

வீடியோ கேம் செய்ய ஆசை என்று ஒரு பிள்ளை சொன்னால், 'அப்போ கோடிங் படி' என்பதுதான் வீட்டில் கிடைக்கும் முதல் பதில். கேமை எழுதுபவர் புரோகிராமர், மற்றவர்கள் அதற்குப் படமும் பாட்டும் போடுகிறவர்கள் என்ற நம்பிக்கை அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. 'டிசைனர்' என்ற பெயர் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. நம் ஊரில் டிசைனர் என்றால் ஃபிளெக்ஸ் பேனர் அடிப்பவர். கேம் டிசைனரோ ஒரு கோடுகூட வரையாதவராக இருக்கலாம். எதிரி எங்கே நிற்பது, எத்தனை அடியில் சாவது, தோற்றவர் எங்கிருந்து மறுபடி தொடங்குவது என்று விதிகளை வகுப்பதே அவர் வேலை.

1985-இல் நின்டெண்டோ வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமின் தொடக்கத்தைப் பாருங்கள். மாரியோ இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. எந்தப் பக்கம் போவதென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சில அடி நடந்ததும் காளான் போன்ற எதிரி வருகிறது. குதிக்காவிட்டால் சாவுதான், ஆனால் வீணாவது சில நொடிகளே. மேலே மின்னும் கேள்விக்குறிக் கட்டியை முட்டினால் இன்னொரு காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடி, பச்சைக் குழாயில் மோதி, மாரியோவை நோக்கியே திரும்புகிறது. பயந்துபோய்த் தாண்டப் பார்த்தால், தலைக்கு மேலிருக்கும் கற்கள் தடுக்கின்றன. பெரும்பாலும் அதன் மேலேயே விழுகிறோம். மாரியோ பெரிதாகிறான். இந்தக் காளான் நல்லது என்ற பாடம் ஓர் எழுத்துகூட இல்லாமல் மண்டையில் ஏறிவிட்டது. குழாயை அந்த இடத்தில் வைக்கத் தோன்றியதே டிசைன். அதற்குத் தலைமை தாங்கிய ஷிகேரு மியாமோட்டோ தொழில் வடிவமைப்பு படித்தவர், புரோகிராமர் அல்ல. 1980-இல் 'பேக்-மேன்' கேமை வடிவமைத்த தோரு இவாதானியும் புரோகிராமர் அல்ல. காளானை ஓடவும் திரும்பவும் வைத்த புரோகிராமர்களின் உழைப்பு இதனால் சிறுத்துவிடவில்லை. அது வேறு உழைப்பு, அவ்வளவுதான்.

'ஸ்டார்டியூ வேலி' கேமை ஒரே ஆள் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார். எரிக் பரோன் கோடிங், ஓவியம், இசை, கதை எல்லாவற்றையும் தனியாகவே செய்து 2016-இல் வெளியிட்டார். ஆனால் அதற்கு நாலரை ஆண்டுகள் பிடித்தன. வேலைகள் குறையவில்லை, எல்லாம் ஒரே தலையில் விழுந்தன. பலர் சேர்ந்து ஆடும் வசதி பின்னர் வந்தபோது வேறு கைகளும் தேவைப்பட்டன.

கேமைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் என்றால் விளையாடிக்கொண்டே சம்பளம் வாங்குபவர் என்று இன்னொரு நினைப்பு. ஒரே சுவரில் எல்லாக் கோணத்திலிருந்தும் மோதிப் பார்ப்பதும், எங்காவது ஊடுருவிவிட்டால் அது எப்படி நடந்தது என்று படிப்படியாக எழுதித் தருவதும் விளையாட்டில் சேர்த்தி இல்லை.

டொரண்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' கேம், கனடாவுக்குக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. கிழிந்த சமையல் குறிப்பேட்டைப் பார்த்து நாம் இட்லி அவிக்க வேண்டும். மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக வந்தால் ஆவி ஏறாது, திருப்பி அடுக்க வேண்டும் என்பது நம் அடுப்படியில் எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு புதிர் இருப்பதைக் கண்டுபிடிக்கக் கோடிங் வகுப்பு போதாது, இட்லிப் பானையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.